ஆண் சாதிக்கா மரமும் தெரிவுக்குழுத் தலைவரும்

வாங்க தொரை, வாங்க. செருப்பைத் திண்ணைக்கு மேல ஏத்தி வைங்க, மழை வரப் பாக்குது. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, ராத்திரி பூரா போனோட இருந்தீங்களா? யாரை வேலையை விட்டுத் தூக்குனீங்க? தெரிவுக்குழுத் தலைவரையா! இந்த மாசத்துல இது மூணாவது தடவை. அந்த மனுசனுக்கு இன்னும் கடிதம் போய்ச் சேரல போல, வேலைக்கு வந்துகிட்டே இருக்காரு.

கோவிச்சுக்காத தம்பி, உக்காரு. கெழவி பிளேன்டீ ஊத்துறா. மாத்தளை டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிற பொடியனுக்கு, கொழும்பு மேட்லண்ட் பிளேஸ்ல கிரிக்கெட் சபையில உக்காந்திருக்கிற பெரிய மனுசங்களுக்குத் தெரியாததெல்லாம் தெரிஞ்சிருக்குன்னா ஊருக்கே பெருமைதானே. நான் வெறும் கணக்கப்பிள்ளை. ரத்தோட்டைக்கு மேல நாப்பது வருசம் பிரட்டுக்களத்துல நின்னு, யாரை எந்த மலைக்கு, யாரைக் கவ்வாத்துக்கு, யாரை ஸ்டோருக்குன்னு காலங்காத்தால ஆள் பிரிச்சு விட்டவன். சாயங்காலம் கொழுந்து எடை கொறைஞ்சா தொரை என்னை ஏசுவாரு. கூடுனா, தொரையோட கெட்டித்தனம்னு கொழும்புக்கு ரிப்போட் போகும். ஆள் எடுக்கிறவன் படுற பாடு அதனால எனக்குக் கொஞ்சம் புரியும். ஆள் எடுக்கிறவனை எப்படி எடை போடுறதுன்னு நீ என்கிட்ட கேக்கல. இருந்தாலும் சொல்றேன். கேக்காமச் சொல்லத்தானே கெழவன்னு ஒருத்தன் வீட்டுல இருக்கான்.

அந்த வேலியோரம் பாரு, சாதிக்கா மரம். 2016ல எட்டுக் கன்னு வச்சேன். சாதிக்கா கன்னுல ஒரு வில்லங்கம் இருக்கு: ஆணா பொண்ணான்னு கன்னைப் பாத்துச் சொல்ல ஒருத்தனாலயும் முடியாது. ஆறு, ஏழு, எட்டு வருசம் தண்ணி ஊத்தி, எரு போட்டு, அது பூத்த பொறகுதான் தெரியும். பாதிக்குப் பாதி ஆணாப் போயிரும். ஆண் மரத்துல காயும் இல்ல, வசவாசியும் இல்ல, நெழல் மட்டும்தான். என் எட்டுல மூணு பொண்ணு, நாலு ஆண். அந்த மூலையில நிக்கிறது இன்னும் வாயைத் திறக்கல. என்ன செய்ய, விதி. யாரைக் குத்தம் சொல்றது? சரி, அது கெடக்கட்டும். உன் தலைவர் கதைக்கு வருவோம்.

ஆளைப் பொறுக்கி, விலை பேசி, ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மாத்துற தொழிலை நம்ம மலைக்கு அமெரிக்காக்காரன் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல. மன்னார்க் கரையில எறங்கி, காட்டுவழியா நடந்து, வழியில செத்தது போக மிச்சம் வந்து சேந்த ஊர்தான் இந்த மாத்தளை. கூட்டிட்டு வந்தவரு கங்காணி. யாருக்குக் கால் பலம், யாருக்குக் கை வேகம்னு ஊர்லயே பாத்துப் பொறுக்குனவரு. தலைக்கு இவ்வளவுன்னு அவருக்குக் காசு. ஆள்கள் ஒரு தோட்டத்துல இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறணும்னா ‘துண்டு’ன்னு ஒரு சீட்டு வேணும். இவங்க பேர்ல இருக்கிற கடனைக் கட்டிட்டா இவங்களை விட்டுர்றேன்னு பழைய தொரை எழுதிக் குடுப்பாரு. புதுத் தொரை கடனைக் கட்டி ஆளை ஓட்டிக்கிட்டுப் போவாரு. 1921ல சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்துனாங்க. இப்ப உன் போன்ல ‘டிரேட்’னு ஒன்னு ஓடுதே, அதுக்கும் துண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, இப்ப கடனாளிக்குப் பதிலா கோடீஸ்வரன் மாறுறான். அமெரிக்காவுல கர்ட் ஃப்ளட்னு ஒரு பேஸ்போல்காரர். 1969ல அவரை சென்ட் லூயிஸ் டீம்ல இருந்து பிலடெல்பியாவுக்கு மாத்துனப்ப, என்னைக் கேக்காம என்னை மாத்த நீங்க யாருன்னு வழக்குப் போட்டாரு. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1972ல தோத்தாரு. நம்ம ஆளுங்க கதை கேட்டிருந்தா அவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

பேஸ்போல் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கிறியா? என் தங்கச்சி பேரன் டொரொண்டோவுல இருக்கான்ல, அவன் புண்ணியம். 2024ல அவன் போன் எடுத்தா, அந்த ஊர் புளூ ஜேஸ் டீமுக்கு ஆள் எடுக்கிற ரொஸ் அட்கின்ஸை ஏசாம வைக்க மாட்டான். அந்த வருசம் 162 ஆட்டத்துல 74தான் ஜெயிச்சாங்க, பிரிவுல கடைசி எடம். 2025ல அதே மனுசன், அதே நாற்காலி. 94 வெற்றி, பிரிவுல முதல் எடம், இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரைக்கும் போய், அதுவும் பதினோராவது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்து, ஒரே ஒரு ஓட்டத்துல தோத்தாங்க. நான் காலையில ரொட்டி பிச்சுக்கிட்டு இருக்கேன், அங்க நடுராத்திரி, பயல் அழுதுகிட்டே போன் எடுக்கிறான். “அட்கின்ஸ் எப்படிடா?”ன்னேன். “தெய்வம் தாத்தா”ன்னான். ஒரு வருசத்துல ஒரு மனுசனுக்கு இவ்வளவு மூளை வளரும்னா, அந்த ஊர்ச் சாப்பாட்டுல என்னமோ இருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன்.

நீ கிண்ணத்தை வச்சுத்தான் அளப்ப. அளக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. கிண்ணம் பளபளன்னு இருக்கும், தூரத்துல இருந்தே தெரியும், மூளைக்கு வேலை இல்ல. சனத் ஜயசூரிய 2013ல தெரிவுக்குழுத் தலைவரானாரு. 2014 ஏப்ரல் 6, டாக்கா. இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியாவை 130ல நிறுத்தி, சங்கக்கார ஆட்டமிழக்காம 52 அடிச்சு, 6 விக்கெட்டால வெற்றி. உங்க அப்பன் அன்னைக்கு ராத்திரி லயத்து வாசல்ல வெடி கொளுத்தி என் கோழியெல்லாம் பலா மரத்துல ஏறிருச்சு. சனத்தைப் போல ஆள் எடுக்க ஒருத்தன் பொறக்கணும்னு சொன்னதும் உங்க அப்பன்தான்.

அதே சனத் 2016ல திரும்ப அதே நாற்காலிக்கு வந்தாரு. 2017 ஜூலையில சிம்பாப்வே நம்ம வீட்டுக்கே வந்து ஒருநாள் தொடரை 3-2ன்னு தூக்கிட்டுப் போச்சு. பின்னாலேயே இந்தியா வந்துச்சு. மூணு டெஸ்ட், அஞ்சு ஒருநாள், ஒரு இருபதுக்கு 20. ஒம்பதுக்கு ஒம்பது போச்சு. அதுல முதல் ஒருநாள் எங்க நடந்துச்சு? நம்ம தம்புள்ளையில, ஆகஸ்ட் 20. ஒரு விக்கெட்டுக்கு 139னு ராசா மாதிரி நின்னவங்க 216ல சுருண்டாங்க. ஆட்டம் முடிஞ்சு டீம் பஸ்ஸை மறிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் அரை மணி நேரமாக் கத்துச்சே, அதுல நீயும் நின்னேன்னு கேள்வி. எனக்குத் தெரியாதுன்னா நெனைச்ச? அன்னைக்கு உன் அம்மாகிட்ட நாலந்தா கெடிகேக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன. அந்த மாசம் முடியிறதுக்குள்ள தெரிவுக்குழு மொத்தமா ராஜினாமா.

இப்ப நீயே சொல்லு. 2014ல இருந்த மூளை 2017ல எங்க போச்சு? சங்காவும் மஹேலவும் ஓய்வு எடுத்தப்ப, சனத்தோட மூளையையும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்களா? இல்ல, 2014லயும் அந்த மூளையில பாதி சங்காவோட மட்டையிலதான் இருந்துச்சா? பதில் சொல்லாத. உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா நாம ரெண்டு பேருமே 2014ல கையைத் தட்டுனோம், 2017ல காறித் துப்புனோம். கூச்சமே இல்லாம.

கிண்ணம் இல்லாட்டியும் பேர் வாங்கலாம், அது இன்னொரு வித்தை. அமெரிக்காவுல ஓக்லண்ட் பேஸ்போல் டீம்ல பில்லி பீன்னு ஒருத்தர். 2002ல அவரு டீமோட சம்பளச் செலவு, நியூயோர்க் யாங்கீஸ் செலவழிச்சதுல மூணுல ஒரு பங்கு. மத்தவங்க கழிச்சுப் போட்ட ஆள்களை, கணக்குப் பாத்துப் பொறுக்கி எடுத்தாரு. அழகா ஓடுறானா, ஆள் பாக்க எப்படின்னு பாக்கல. எத்தனை தடவை ஆட்டமிழக்காம முதல் பேஸுக்குப் போய்ச் சேர்றான்னு பாத்தாரு. அது சந்தையில யாரும் காசு குடுக்காத சரக்கு, அதனால மலிவு. 103 ஆட்டம் ஜெயிச்சாரு, அதுல தொடர்ந்து 20. ஆனா கிண்ணத்துக்கான முதல் சுற்றுலயே மினசோட்டாகிட்ட தோத்தாரு. இருந்தும் அவரைப் பத்திப் புத்தகம் வந்துச்சு, பிராட் பிட் நடிச்சுப் படம் வந்துச்சு. அந்த வருசம் கிண்ணத்தைத் தூக்குன அனஹைம் டீமுக்கு ஆள் எடுத்தவரு பேரு என்ன, சொல்லு பாப்போம். போனைப் பைக்குள்ள போடு. மூளையால சொல்லு.

தெரியாதில்ல. பிளேன்டீயைக் குடி, ஆறுது.

அப்ப கணக்குதான் சரின்னு எந்திரிக்கப் போற. உன் போன்ல சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எந்தப் பந்தை எங்க போட்டா எவன் எங்க அடிப்பான்னு எல்லாம் இருக்கு. நானும் கணக்கப்பிள்ளை, கணக்கை மதிக்கிறவன். ஆனா கண்டிக்குப் போற வழியில கட்டுகஸ்தோட்டையில அந்தோனியார் கல்லூரியில படிச்ச ஒரு பொடியன் கதை சொல்றேன். அப்பாவுக்குக் குண்டசாலைப் பக்கம் பிஸ்கட் கம்பனி. 1991ல அந்தப் பொடியனை இலங்கை ‘ஏ’ அணியோட இங்கிலாந்துக்கு அனுப்புனாங்க. அஞ்சு ஆட்டம் ஆடுனான். எத்தனை விக்கெட்? பூச்சியம். உன்னை மாதிரி ஒரு கெட்டிக்காரன் அன்னைக்குத் தெரிவுக்குழுவுல போனை வச்சுக்கிட்டு இருந்திருந்தா, பொடியன் இன்னைக்கு மாரி பிஸ்கட் பொதி பண்ணிக்கிட்டு இருப்பான். அப்பத்திய ஆள்களுக்குப் போன் இல்ல. அந்தக் கை சுத்துற விதத்தைக் கண்ணால பாத்தாங்க. 1992 ஆகஸ்ட்ல அவுஸ்திரேலியாவுக்கு எதிரா டெஸ்ட்ல எறக்குனாங்க. 2010 ஜூலை 22, காலி மைதானம், 800. முத்தையா முரளிதரன்னா இப்ப எல்லாரும் எந்திரிச்சு நிப்பீங்க. அந்தப் பூச்சியத்தைப் பாத்தும் அவரைக் கைவிடாதவங்க பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்னு. 1996 மார்ச் 17, லாகூர் இறுதிப் போட்டி. அந்தக் கிண்ணத்துக்கு யார் காரணம்னு கேட்டா சின்னப் புள்ளையும் சனத்தும் களுவும்னு சொல்லும். முதல் 15 ஓவர்ல எவனும் அடிக்காத அடி அடிச்சு உலகத்தையே மாத்துனவங்கன்னு சொல்லும். அது உண்மைதான். ஆனா அன்னைக்கு சனத் 9, களுவிதாரண 6. இருபத்தி மூணுக்கு ரெண்டு விக்கெட். அப்பதான் தாடி வச்ச அசங்க குருசிங்க ஒரு பக்கம் நங்கூரம் போட்டாரு. 65. மறுபக்கம் அரவிந்த 107, ஆட்டமிழக்காம. பந்து போட்டு மூணு விக்கெட் வேற. அரவிந்தவுக்குச் சிலை வைக்கலாம், சரி. குருசிங்கவுக்கு உன் போன்ல எத்தனையாவது எடம்?

சாதிக்கா ஆண் மரம்னு இளக்காரமாச் சொன்னேன்ல. ஆனா பத்துப் பொண்ணு மரத்துக்கு ஒரு ஆண் மரமாவது தோட்டத்துல நிக்கணும். இல்லாட்டி பொண்ணு மரமும் காய்க்காது. காய் எண்ணுறவன் கணக்குல அந்த ஆண் மரத்துக்கு எந்த நாளும் பூச்சியம்தான். நாலு ஆண் மரம் எதுக்குன்னு கேக்காத, அது வேற விசயம்.

2024 ஜூலை 28 ஞாபகம் இருக்கா? நீ வரல, ‘பொம்பளைங்க ஆட்டமா தாத்தா’ன்னு கொட்டாவி விட்ட. நானும் என் மகளும் காலையிலேயே பஸ் ஏறுனோம். நாலந்தா, நாவுல தாண்டி, லேனதொரையில ஒரு சோளம் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டே தம்புள்ள போய்ச் சேந்தோம். மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. இந்தியா 165. அதுக்கு முந்தி அஞ்சு இறுதிப் போட்டியில தோத்த நம்ம புள்ளைங்க ரெண்டே விக்கெட்டை விட்டுட்டு அடிச்சு முடிச்சாங்க. ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காம 69. தலைவி சமரி அத்தபத்து 61. அந்தக் குளத்துப் பக்கக் காத்துல கொடி ஆடுனது இன்னும் கண்ணுல நிக்குது.

அந்தச் சமரிக்கு 2023 பெப்ரவரியில என்ன நடந்துச்சு தெரியுமா? இந்தியாவுல மகளிர் பிரீமியர் லீக் முதல் ஏலம். அஞ்சு டீம், அஞ்சு மேசை, ஒவ்வொரு மேசையிலயும் கணக்குப் பாக்க ஆள்கள், மடிக்கணினி. சமரி பேரைக் கூப்பிட்டாங்க. ஒரு கை கூட எந்திரிக்கல. அதே வருசம் அவுஸ்திரேலியாவோட பிக் பேஷ் தெரிவுலயும் யாரும் எடுக்கல. கடைசியில சிட்னி தண்டர் மாத்து ஆளாக் கூப்பிட்டுச்சு. தொடர் முடிஞ்சப்ப தொடரோட சிறந்த ஆட்டக்காரி யாரு? மாத்து ஆள்! இந்தக் கதையில எனக்குப் புடிச்சது சமரி அடிச்ச அடி இல்ல. அந்த மேசைகள்ல உக்காந்திருந்தவங்க ஒருத்தர் கூட அதுக்காக வேலை இழந்ததா நான் கேள்விப்படல. எடுத்து ஏமாந்தவனைத்தான் நாம ஏசுவோம். எடுக்காம ஏமாந்தவனை யாரும் ஏச மாட்டாங்க, அவன் பாட்டுக்குப் பிளேன்டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். நீ ஆள் எடுக்கிற வேலைக்குப் போனா இதை மனசுல வச்சுக்க: கையைத் தூக்காம இருக்கிறது பென்சனுக்கு நல்லது.

என்ன, டிரேட் பத்திச் சொல்லலையா? தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்கு ராத்திரியில போயிருக்கியா? மூட்டை வாயில பெரிய கரட்டா அடுக்கியிருப்பான், அடியில விரல் மொத்தம். வாங்குறவன் கையை உள்ள விட்டுப் பாத்தா விக்கிறவனுக்குக் கோவம் வரும். போஞ்சி விலை ராத்திரி ஒன்னு, விடியக்காலம் ஒன்னு. ராத்திரி வாங்குனவன் மடையனா கெட்டிக்காரனான்னு விடிஞ்ச பொறகு வர்ற லொறிதான் சொல்லும். பத்து லொறி வந்தா மடையன், மழையில பாதை அடைச்சா கெட்டிக்காரன். வாங்கும்போது அவன் மனசுல ஓடுன கணக்கு ரெண்டு ராத்திரியும் ஒன்னேதான்.

பேஸ்போல்லயும் இதே கதைதான். 1987 ஆகஸ்ட்ல டெட்ரொயிட் டீமுக்கு அவசரம். அந்த வருசமே ஜெயிச்சாகணும். அட்லாண்டாகிட்ட இருந்து டொய்ல் அலெக்ஸாண்டர்ங்கிற வயசான பந்தெறியிறவரை வாங்குனாங்க. பதிலுக்கு ஜோன் ஸ்மோல்ட்ஸ்னு இருபது வயசுப் பொடியனைக் குடுத்தாங்க. அலெக்ஸாண்டர் வந்தாரு, 9 வெற்றி, ஒரு தோல்வி கூட இல்ல. டீம் பிரிவுல முதல் எடம். அன்னைக்குத் தேதியில அதை விட நல்ல வியாபாரம் உலகத்துல இல்ல. அடுத்த சுற்றுல மினசோட்டாகிட்ட அலெக்ஸாண்டர் எறிஞ்ச ரெண்டு ஆட்டமும் போச்சு. ஸ்மோல்ட்ஸ் என்னானாரு? 213 வெற்றி, 1995ல அட்லாண்டாவோட கிண்ணம், 2015ல பெரியவங்க படம் மாட்டுற மண்டபத்துல எடம். இன்னைக்கு வரைக்கும் மோசமான டிரேட்னு பட்டியல் போட்டா டெட்ரொயிட் அதுல இருக்கும். நான் கேக்குறேன், ஒம்பதுக்கு ஒம்பது ஜெயிச்சுக் குடுத்தது மோசமா? கன்னை வித்து நெல்லு வாங்குனவன், பசியோட இருந்தானா இல்லையான்னு பாக்க வேணாமா? கிரிக்கெட்லயும் மும்பைக்காரங்க 2023 நவம்பர்ல ஹார்திக் பாண்டியாவைக் குஜராத்துல இருந்து மாத்தி எடுத்துத் தலைவராக்குனாங்க. 2024ல பத்து டீம்ல பத்தாவது எடம். அன்னைக்கு நீ மும்பையை ஏசுனதுல என் காது இன்னும் சரியா கேக்கல.

நம்ம தம்புள்ள டீமையே எடு. லங்கா பிரீமியர் லீக்ல 2020ல வைக்கிங், அடுத்த வருசம் ஜயண்ட்ஸ், பொறகு ஓரா, 2024ல தண்டர்ஸ். அந்த வருச ஏலம் முடிஞ்ச கையோட உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டுல கைதாகி, டீம் ‘சிக்ஸர்ஸ்’னு அஞ்சாவது பேரை வச்சுக்கிச்சு. நம்ம ஊர் மாட்டுக்குக் கூட இவ்வளவு பேர் மாறாது. இதுல ஆள் எடுத்தவனுக்கு மார்க் போடச் சொன்னா எந்தப் பேருக்கு நேரா போடுறது? 2023ல இறுதி வரைக்கும் போய்க் கண்டிகிட்ட தோத்தாங்க. அந்தத் தொடர்ல அதிக ஓட்டமும் அதிக விக்கெட்டும் எடுத்தவரு கண்டியோட வனிந்து ஹசரங்க. இறுதிப் போட்டியில அவரு காயத்தால ஆடவே இல்ல. அவரு இல்லாமலேதான் கண்டி ஜெயிச்சுச்சு. போன்ல போட்டுப் பாரு, உன் கணக்கு தும்முதான்னு.

இன்னொரு கூத்தும் இருக்கு. அமெரிக்காவுல ஆள் எடுக்கிறவன் எடுத்தா எடுத்ததுதான். இங்க 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி, தேசிய அணிப் பட்டியல்ல அமைச்சர் கையெழுத்து விழணும். 2017 டிசம்பர்ல இந்தியாவுக்குப் போக எயார்போட்டுக்குப் போன ஒம்பது பேரை, பட்டியலுக்கு அமைச்சர் இன்னும் சரி சொல்லலன்னு திருப்பிக் கூப்பிட்டாங்களே. நம்ம தோட்டத்துல கூட லொறியில ஏத்துன ஆளை எறக்குனது கெடையாது. அப்ப நீ மார்க் போடும்போது அந்தக் கையெழுத்துக்கும் பங்கு போடணும்ல? கிண்ணம் வந்தா அமைச்சர் எயார்போட்டுல மாலையோட நிப்பாரு. தோத்தா தெரிவுக்குழு மட்டும் தனியா வான்ல வீட்டுக்குப் போகும். நான் சொன்னேன்ல, கொழுந்து எடை கதை.

சரி, இவ்வளவு நேரம் ஏசிட்டு வழி சொல்லாம விட்டா பாவம். இந்தா வழி. ஒரு ஒத்த ரூல் கொப்பி வாங்கு. அணிப் பட்டியல் வந்த அன்னைக்கு ராத்திரியே, பந்து ஒன்னு விழுறதுக்கு முந்தி, நீ எழுது. இன்னார் இருக்கணும், இன்னார் இருக்கக் கூடாது, ஏன்னா இது. ஏலம் நடந்தா, இந்த விலைக்கு இவன் ஆகும், ஆகாது. தேதி போடு. கீழ கையெழுத்து வை. வச்சு உன் அம்மாகிட்ட குடு, பெட்டியில வச்சுப் பூட்டட்டும். மூணு வருசம் கழிச்சு எடுத்துப் பாரு. தலைவர் எத்தனை சரி, நீ எத்தனை சரின்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணு. அதுக்குப் பொறகு அவரைத் தூக்கு. நானே வந்து கடிதத்தை எழுதித் தர்றேன், என் கையெழுத்து அழகா இருக்கும்.

ஏன் தலையைச் சொறியிற? கொப்பி விலை கூடவா? நான் வாங்கித் தர்றேன். ஆங், இப்ப புரியுது. ஆட்டம் முடிஞ்ச பொறகு எழுதுற கொப்பிதான் உனக்கு வசதி. அதுல நீ எப்பவும் நூத்துக்கு நூறு.

பேச்சை மாத்தாத. மரத்துக்கு என்னா? வெட்டிட்டு மிளகுக் கொடி ஏத்தலாமா? ஒம்பது வருசம் காத்திருந்தவன் பத்தாவது வருசம் வெட்டுவானா? இரு, சொன்ன சொல்லுக்கு நானும் கட்டுப்படுறேன். அந்தக் கலண்டர் தாளை எடு, பேனையைக் குடு. எழுதுறேன்: மூலை மரம் பொண்ணுதான். தேதி. கையெழுத்து. கெழவி சாட்சி. ஏ புள்ள, இங்க வா, இதைப் பத்திரமா வை.

என்னா அது, தகரப் பெட்டிக்குள்ள இருந்து எதை எடுத்துட்டு வர்ற? பழைய கலண்டர் எதுக்கு இப்ப? தம்பிகிட்ட குடுக்காத. குடுக்காதங்கிறேன்ல. டேய், கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல, என்ன எழுதியிருக்கு? சத்தமா வாசிக்க வேணாம், மெதுவாச் சொல்லு.

‘2016. ஒட்டுக் கன்னுன்னா பொண்ணு மரம்னு தெரிஞ்சே வைக்கலாம்னு திணைக்களத்து ஐயா சொன்னாரு. நானும் சொன்னேன். விலை கூடன்னு விதைக் கன்னு எட்டு வாங்கிட்டு வந்திருக்கு. பாதி ஆணாப் போகும்.’ கீழ கையெழுத்து வேற போட்டிருக்காளா? தேதியுமா?

சிரிக்காதடா. மழை வந்துருச்சு, செருப்பை உள்ள எடு.